என்னைவிட நல்ல பகிடிக்காரன்

எக்ஸ்ரே மிசின் எப்படி முனகும் என்று மனைவிக்கு நடித்துக் காட்டப்போய், பிளாஸ்க் தேநீரை அவளுடைய மடியில் கொட்டிவிட்டேன். ஜெஸீமா சிரிக்கவில்லை. எங்களுக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று பார்க்க, கருப்பைக்குள் மருந்தேற்றிப் படமெடுக்கும் பரிசோதனை. ஒரு வாரமாக என் பகிடி எதுவும் அவளுடைய பயத்தைத் தீர்க்கவில்லை. ஈரச் சேலையோடே உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. எனக்கு வயிறெரிந்தது. என்னைவிட நல்ல பகிடிக்காரன் எவன் உள்ளே?

வெளியே வந்த தாதி மிஸ்ஸியிடம் விசாரித்தேன்.

"டொக்டரும் நானும்தான். நாங்க ஒண்டும் கதைக்கல்லயே."

திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு, ஜெஸீமா. ஆரு உன்னச் சிரிக்க வெச்ச?"

"ஒரு சின்னப்புள்ள. கையப் புடிச்சிக்கிட்டு, 'வாப்பா பாவம் உம்மா, அவர்ர பகிடிக்கும் ஒருக்காச் சிரிங்களன்' எண்டு சொல்லிச்சு."