போகியன்று வந்த ராணி

போகிப் புகை இன்னும் பாகூர்த் தெருவை விட்டு நகரவில்லை. தெருப் பெண்களும் கனகாம்பாள் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. கோலமாவு தீர்ந்த பிறகும் குனிந்தே நிற்கிறார்கள், பாவம். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் ஊரெல்லாம் காவிப்பட்டை தீட்ட, இவள் மட்டும் ஒரு ராணியைத் தீட்டியிருக்கிறாள். புத்த சந்நியாசிகள் மலையைக் குடைந்து வாழ்ந்த அஜந்தா குகையின் படத்தைப் புருஷன் பம்பாயிலிருந்து அனுப்பியிருந்தான்; அதைப் பார்த்து வரைந்தது. கையில் பூ, சாய்ந்த கண், கழுத்து நிறைய முத்து. ரவிக்கைதான் இல்லை. மூத்தார் சுப்பராயலு சுண்ணாம்பு வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாக வந்து நிற்கிறார். கனகாம்பாள் படத்தை மறைத்து நிற்கிறாள், ஈரக் காவி முதுகில் படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு. தம்பி பெண்டாட்டியை மூத்தார் தொடக்கூடாது; முகம் பார்த்துப் பேசவும் கூடாது. ஆகவே அவர் பசுமாட்டிடம் முறையிடுகிறார்: "லட்சுமி, ஊர்த்தலைவரு மேர் ஐயா வர்ற தெரு இது. ஊரே சிரிக்குது, அவள நவரச் சொல்லு." அவளும் மாட்டைப் பார்த்தே, "புத்தர் கோயில்ல இருக்கறவ நம்ம வூட்டுக்கு ஆவ மாட்டாளான்னு கேளு, லட்சுமி" என்கிறாள். லட்சுமி வைக்கோலை மெல்கிறது. ஓங்கிய மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவர் காலிலேயே சொட்டுகிறது. உள்ளேயிருந்து அவரைப் பெற்ற தெய்வநாயகி வருகிறாள். பிறந்ததிலிருந்து ரவிக்கை போட்டறியாத தோள் வெயிலில் மின்ன, மருமகள் பக்கத்தில் போய் நிற்கிறாள். "இன்னாடா பாக்கற? சுண்ணாம்ப மொதல்ல என்மேல அடி. அப்புறம் அவள மறைக்கலாம்."