பின்கதவுப் புடைப்பு

பொம்மைக் கார் பட்டறையில் தரம் பார்க்கும் மகள், உள்ளங்கை அளவு மாதிரிக் காரை அப்பாவின் மேஜையில் வைத்தாள்.

"பின்கதவு வெளிப்பக்கமாப் புடைச்சிருக்குப்பா. ஐந்நூறும் இப்படித்தான். எல்லாத்தையும் உருக்கிடலாம்."

"நிஜக் காரும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

"வாங்கறவனுக்கு அது தெரியுமா? லாபம் பூரா பிரசவ ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு, ஓட்டை உடைசலையா தலையில கட்டறது?"

"நீ பொறந்த வாடகைக் கார்டி இது. வலி தாங்காம உங்கம்மா உதைச்ச உதை அது."

மகள் காரைத் திரும்ப எடுத்தாள். பெட்டிக்குள் வைத்து, 'சரி' என்று முத்திரை குத்தினாள்.

பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"கதவை யாரு உதைச்சா? பக்கத்துல உக்காந்து 'கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னாரு பாரு, அவரைத்தான் உதைச்சேன். மனுஷன் நகர்ந்துட்டாரு."