மொத்தமும் உள்ளே

"மொத்தமும் உள்ளே!" என்று எலக்ட்ரீஷியன் தன் வாஷர் குவியல் முழுவதையும் மேஜை நடுவுக்குத் தள்ளினான்.

"அடப்பாவி! மேஜை நடுவுல வெக்கற பொதுச்சீட்டு ஒண்ணுகூட இன்னும் திருப்பலையே, அதுக்குள்ள மறுபடியுமா?" என்றார் சமையல்காரர்.

வெளியே கடலும் இல்லை, வானமும் இல்லை. மூடுபனி மட்டும்தான். நங்கூரம் போட்ட கப்பல் தூக்கத்தில் புரள்வதுபோல் லேசாக அசைந்தது. சாப்பாட்டு அறையின் வட்ட ஜன்னலில் பால் வெளிச்சம்.

கரையிலிருந்து படகு வந்துகொண்டிருந்தது. அதில் ஒரே ஒருவர் விடுப்பில் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் அடுத்த துறைமுகம் வரை கொட்டாவி விட வேண்டியதுதான். யார் போவது என்பதைப் போக்கர் ஆடித் தீர்த்துக்கொள்வது அந்தக் கப்பலின் வழக்கம். காசுக்குப் பதில் இரும்பு வாஷர். படகு வந்து சேரும்போது யாரிடம் அதிகமோ, அவர் பெட்டியைத் தூக்கலாம்.

எஞ்சினியரிடம் வாஷர் மலையாக இருந்தது. சமையல்காரரிடம் ஒரு பிடி. எலக்ட்ரீஷியனிடம் இரண்டுக்கும் நடுவில்.

"கெட்டிக்காரன்தான்," என்றார் எஞ்சினியர். "கொஞ்சமா வெச்சிருக்கறவன் தள்ளினா, போனாப் போகுதுன்னு யாரும் எதிர்த்து வெச்சுப் பாத்துடுவாங்க. மலையா வெச்சிருக்கறவனுக்கு மொத்தத்தையும் தள்ள அவசியமே இல்ல. நடுத்தரமா இருக்கறவன் தள்ளினாதான் எதிராளிக்கு வயித்தைக் கலக்கும்."

"பாடம் அப்புறம் நடத்துங்கண்ணே. வெக்கறீங்களா, இல்லையா?" என்றான் எலக்ட்ரீஷியன்.

எஞ்சினியர் தன் இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். ஆட்டம் வேண்டாமென்று சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டார். சமையல்காரரும் கவிழ்த்தார். ஆட்டத்துக்காக எல்லோரும் முதலில் வைத்திருந்த வாஷர்கள் அவன் பக்கம் வந்தன.

"பொண்ணு நடக்கறாளாப்பா?" என்றார் சமையல்காரர், சீட்டைக் கலைத்தபடி.

"ஓடறாண்ணே. நேர்ல இன்னும் பாக்கலை. நான் கப்பல் ஏறினப்புறம்தானே பிறந்தா."

ஜன்னலுக்கு வெளியே, அந்த வெள்ளைக்குள், குட்டிக் கால்கள் தத்தித் தத்தி ஓடுவதுபோல் அவனுக்குத் தோன்றியது. கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

மறுபடி தள்ளினான். மறுபடி கவிழ்த்தார்கள். எஞ்சினியரின் மலை கரையக் கரைய, அவன் குவியல் வளர்ந்தது. நெற்றி வியர்த்தது. படகின் இரைச்சல் பக்கத்தில் கேட்டபோது கடைசி ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டார்கள்.

"மொத்தமும் உள்ளே," என்றான்.

எஞ்சினியர் தன் சீட்டுகளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கவிழ்த்தார். சமையல்காரரும்.

"இப்ப உன்கிட்டதான் அதிகம். பெட்டியைத் தூக்குப்பா!" என்றார் எஞ்சினியர்.

அவன் எழுந்திருக்கவில்லை. எஞ்சினியர் கவிழ்த்த சீட்டுகளை எட்டித் திருப்பினான். இரண்டு ஏஸ்! சமையல்காரருடையதைத் திருப்பினான். இரண்டு ராஜா!

"ரெண்டு ஏஸைக் கையில வெச்சுக்கிட்டு யாராவது விடுவாங்களாண்ணே?"

"காலையிலேர்ந்து அதைத்தான் பண்றோம். பெத்த புள்ளையைப் பாக்கத் தவிக்கறவனைத் தோக்கடிச்சு நாங்க என்னத்தைக் கிழிக்கப்போறோம்? கிளம்புடா!" என்றார் எஞ்சினியர்.

இருவரும் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றினார்கள். படகு பனிக்குள் நுழைந்தது. கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. எலக்ட்ரீஷியனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து அவன் தள்ளியதெல்லாம் இரண்டும் ஏழும் மாதிரிக் குப்பைச் சீட்டுகள். யாராவது ஒருவர் எதிர்த்து வைத்து, தன்னை அடியோடு தோற்கடித்து, கப்பலிலேயே நிறுத்திவிட மாட்டார்களா என்றுதான் தள்ளினான். கைப்பேசியை 'அப்பா' என்று கூப்பிட்டு, அதற்கு முத்தம் கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டே தூங்கும் மகள், நேரில் வந்து நிற்கும் இந்த ஆளைப் பார்த்து, யாரோ என்று அலறிவிடுவாளே என்று அவனுக்கு அவ்வளவு பயம்.