மீதி வசனம்

"அண்ணே, ஒரே ஒரு கட்டிங். பாதி உனக்கு, பாதி எனக்கு. குடிச்சதே வவுத்துக்குத் தெரியாது."

கம்பெனி பஸ்ஸிலிருந்து தாவீது ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தார். இன்னொரு கால் இன்னும் படியில் இருந்தது. அதற்குள் பச்சையப்பன் ஆரம்பித்துவிட்டான்.

பென்னலூர் நிறுத்தத்துக்கு எதிரிலேயே ஒரு சந்து. சந்துக்குள் ஒயின்ஷாப். எட்டு வருஷம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்த இடம். பச்சையப்பனுக்கு டயர் கம்பெனியில் வேலை. தாவீதுக்கு வல்லம் வடகாலில் கார் சீட் தைக்கிற கம்பெனி. ஷிப்ட் விடுகிற நேரம் இருவருக்கும் ஒன்று.

தாவீது குடியை விட்டு இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். அவர்தான் விட்டார், அது அவரை விடவில்லை. இத்தனை நாளில் அவர் குடிக்காததை எல்லாம் சேர்த்து ஊற்றினால் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அவர் கனவில் தேவதூதர்கள் வருவதில்லை. ஈரம் வழிகிற பீர் பாட்டில்கள் வரிசையாக வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

எல்லாம் அன்னபுஷ்பத்துக்காக. மகள் ஷீபாவைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், சபை ஐயர் நாலு தடவை போய்ப் பேசிய பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து தினமும் வாசலில் நின்று "ஊதுங்க" என்பாள். ஹைவேயில் போலீஸ் வைத்திருக்கிற மெஷின் எல்லாம் அவள் மூக்குக்கு முன்னால் பொம்மை. மூன்று தெரு தள்ளி ஒருவன் இருமல் மருந்து குடித்தாலே அவளுக்குத் தெரியும்.

"இன்னொரு நாள் வாடை வந்துச்சுன்னா நானும் புள்ளயும் போனது போனதுதான். அப்பறம் ஐயர் இன்னா, பிஷப்பே வந்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

அதே அன்னபுஷ்பம்தான் தினமும் டிபன் பாக்ஸ் மூடிமேல் ஒரு துண்டுச் சீட்டில் வேத வசனம் எழுதி வைப்பாள். மத்தியானச் சோற்றோடு தாவீது அதை மனப்பாடம் செய்துகொள்வார். சாயங்காலம் பச்சையப்பன்மேல் எடுத்து வீசுவார்.

"நெத்திலி வறுவல் சூடா கீதுண்ணே" என்பான் அவன்.

"மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் முடிப்பார் இவர்.

"மாங்கா கீத்து, மொளகாத்தூள் போட்டு."

"பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்."

"நான் எங்கண்ணே ஓடறேன்? இங்கதான கீறேன்."

வசனத்தைச் சொல்லி முடித்ததும் தாவீது விறுவிறுவென்று நடையைக் கட்டுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனாள். தான் திரும்பினால் அந்தக் கடைக்குள் ஊறுகாயாகத்தான் கிடப்போம் என்று அவருக்குத் தெரியும்.

ஆண்டவரைச் சோதித்த சாத்தான்கூட மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போனான். பச்சையப்பன் ஒரு நாள் லீவு போட்டதில்லை. தாவீதின் பஸ் ஒரு மணி நேரம் தாமதமானாலும் கொசுக்கடியில் காத்து நிற்பான்.

இன்றைக்குப் பார்த்து கம்பெனியில் தையல் லைன் இரண்டு தடவை நின்றுபோனது. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவனான சூப்பர்வைசர் கோபிநாத், "வயசாயிடுச்சு, பேசாம வாட்ச்மேன் வேல பாருங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். வெயிலோ, ஒரகடம் ரோட்டுத் தாரை டம்ளரில் பிடிக்கலாம் போலக் காய்ந்தது.

"இன்னாண்ணே மூஞ்சி இப்டி கீது? சூப்பர்வைசரா?" பச்சையப்பன் பக்கத்தில் வந்தான். "ஜில்லுனு ஒண்ணு உள்ள போனா அவன் பேரே மறந்துரும். பாட்டில்மேல முத்து முத்தா தண்ணி நிக்கும் பாரு, அத்த வெரலால தொடச்சி உடணும்ணே." கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அவன் குரலே கரைந்துபோயிருந்தது.

தாவீது அவசரமாக இன்றைய சீட்டை நினைவில் தேடினார். அன்னபுஷ்பம் இன்றைக்கு மதுவைப் பற்றியே எழுதியிருந்தாள். கணீரென்று ஆரம்பித்தார்.

"மதுபானம் இரத்தவருணமாயிருந்து, பாத்திரத்தில் பளபளப்பாய்த் தோன்றும்போது, நீ அதைப் பாராதே, அது மெதுவாய் இறங்கும்..."

அங்கேயே நின்றுவிட்டார்.

மெதுவாய் இறங்கும். எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு நாள் எச்சிலும் ஒன்றாகச் சேர்ந்து ஊறியது. டம்ளர் தெரிந்தது. பளபளப்பு தெரிந்தது. அது தொண்டையில் வழுக்கி, நெஞ்சில் ஒரு நிமிஷம் இளைப்பாறி, வயிற்றுக்குப் போகிற வழி முழுவதும் தெரிந்தது. நடுவில் அன்னபுஷ்பத்தின் மூக்கும் தெரிந்தது. தாகம் அதையும் விழுங்கிவிட்டது.

"சரிடா" என்றார். "வா, போலாம்."

பச்சையப்பன் நகரவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வெளயாடாதண்ணே. வசனம் அத்தோட முடியாது. மேல இன்னாவோ கீது, சொல்லு."

"தெனம் நீதானடா கூப்புட்ட? இப்ப வரேன்றேன், வா."

பச்சையப்பன் அவருடைய டிபன் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நான் கூப்ட்டாதானண்ணே நீ வசனம் சொல்லுவ? அத்தக் கேட்டுகினுதான் நானும் அப்டியே வூட்டுக்குப் போறேன். நூத்திப் பதினோரு நாளா நானும் ஒரு சொட்டு தொடல. மீதியச் சொல்லுண்ணே."