எதிரில் வருகிற ஆள்

"வந்துட்டான் பாருங்க சார்! இன்னைக்கும் எதிர்லதான் வர்றான்!"

பின்னாலிருந்து முருகவேல் சொன்னதும், பலராமன் நடையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். காலை ஆறு மணி. நிருதி லிங்கம் தாண்டின வளைவு. கிரிவலப் பாதையில் அத்தனை பேரும் மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடக்க, ஒரே ஓர் ஆள் மட்டும் கையை வீசிக்கொண்டு எதிரில் வந்தான்.

ராமதாஸ். அடி அண்ணாமலையில் பங்க்சர் கடை வைத்திருப்பவன்.

"நல்லா தூங்கினீங்களா சார்?"

தினமும் இதே கேள்விதான். பலராமனிடம் கேட்டான். முருகவேலிடம் கேட்டான். அதற்கும் பின்னால் வந்த, யாரென்றே தெரியாத ஒரு அம்மாவிடமும் கேட்டான். கேட்டு, முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

"இந்த ஊர்ல பொறந்தவன் மலைய இடமா சுத்துவானா?" பலராமன் பல்லைக் கடித்தார்.

"அவன் வீடு அந்தப் பக்கம் சார். வேற எப்படி வருவான்?"

"ஆட்டோல வரட்டும். நாம திரும்பறப்ப ஆட்டோலதானே வர்றோம்?"

"ஆட்டோ மட்டும் எதிர்ல போலாமா சார்?"

"அதுல காலு தரையில படுதா? படலை இல்ல? அப்புறம் இன்னா கேள்வி!"

முருகவேல் நடையைத் தளர்த்திப் பின்தங்கிக்கொண்டார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷனிடம் யார் வாய் கொடுப்பது?

பலராமன் நடக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. 'சுகர், அதான்' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். சுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. மனைவி அருணாதேவி இறந்துபோனதிலிருந்து தூக்கம் போச்சு, ஞாபகம் போச்சு. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பாத்திரம் கருகுகிற வரைக்கும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாதான் சொன்னார். "மாத்திரை தர்றேன். ஆனா தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடக்கணும். நடை ஒடம்புக்கு மட்டும் இல்லீங்க, மூளைக்கும் நல்லது. தூக்கம் வரும், மனசு மெதுவா தேறும்."

அதில் பொய்யில்லை. இப்போதெல்லாம் நாலு மணி நேரமாவது தூங்குகிறார். பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்கிறார். அலமாரியிலிருந்து இரண்டாவது டம்ளரை எடுத்துவிட்டு, திரும்ப வைப்பதுதான் இன்னும் நிற்கவில்லை.

ஓசூரில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நடக்கிறீங்களாப்பா?" "நடக்கிறேன்." அத்தோடு சரி. அதன்பிறகு அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் பேச ஆளில்லை.

காலையில் நடக்கும்போது நாலு பேர் சேருவார்கள். எப்போதும் பத்தடி முன்னால் போவது பலராமன்தான். "முன்னாடி ஒருத்தன் ஒழுங்கா போனாத்தான் பின்னாடி வர்றவங்க ஒழுங்கா வருவாங்க" என்பார்.

மறுநாள் முருகவேல் ஏற்றிவிட்டார். "நீங்களே சொல்லிடுங்க சார். பௌர்ணமி வருது. வெளியூர் ஜனம் பாத்தா நம்ம ஊரத்தான் சிரிக்கும்."

சொல்லிவிட்டு மற்றவர்களோடு டீக்கடை ஓரமாகவே தங்கிவிட்டார். பலராமன் விறுவிறுவென்று போய் ராமதாஸின் வழியை மறித்தார்.

"ஏம்பா, ஒனக்கு மொற தெரியாதா? நாளையிலேருந்து வலமா வா. இல்லன்னா இந்த ரோட்டுப் பக்கமே வராத!"

ராமதாஸுக்குக் கோபம் வரவில்லை. "வராம இருக்க முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"என் தம்பி வல்லரசுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு சார். அவனை டாக்டர் நடக்கச் சொன்னாரு. தனியா விடக்கூடாதுன்னு நானும் கூடவே வந்தேன். இதே ரோடு. வலமாத்தான். அவன் வேகக்காரன், முன்னாடி போவான். நான் பின்னாடி. ரெண்டு மாசம் ஜோரா நடந்தான் சார். தேறிட்டான்னு வீட்ல சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் இல்லாம பூட்டான்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே ராமதாஸ் சொன்னான். "வளைவுல ஒக்காந்து பூ விக்கிற அம்மா துக்கம் கேக்க வந்துச்சு. 'தெனம் அழுதுக்கினே போவானே, அந்தப் புள்ளையா'ன்னு கேட்டுச்சு. ரெண்டு மாசமா நான் அவன் முதுகைத்தான் சார் பாத்துக்கினு போயிருக்கேன்."

பலராமன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் விடவில்லை. "அது சரி... அதுக்கு எங்க எதிர்ல எதுக்கு..."

ராமதாஸ் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த வளைவு வந்தாலே நீங்க அழுவுறீங்க சார். பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாது. மூணு மாசமா நான் பாக்குறேன். நேத்து ஜாஸ்தி. இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

பலராமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. ராமதாஸ், டீக்கடையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியாதபடி குறுக்கே நின்றுகொண்டான்.

பொறுக்க முடியாமல் முருகவேலே ஓடி வந்தார். "இன்னா சார், சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றார் பலராமன். "நாளைக்கும் எதிர்லயே வரச் சொல்லிட்டேன்."