ஆள் அனுப்புகிற வேலை

இசைவாணி மேஜைமேல் செங்கல்லைத் தொப்பென்று வைத்ததும் தேவநாதன் சார் முகத்தைச் சுளித்தார். சுருண்டுகொண்ட சார்ட் பேப்பர் பறக்காமல் இருக்கத்தான் வைத்தாள். அதற்காக பிபிஏ வகுப்பில் செங்கல்லா?

ஆளுக்கு ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, அது நமக்கு ஆகுமா ஆகாதா என்று வகுப்பில் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக் கல்லூரியில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அவர் வைத்திருந்த பரீட்சை அது. ஆர்த்தி பேங்கைப் பற்றிச் சொன்னாள், பூவரசன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை ஏலம் போவதைப் பற்றி. கேட்கச் சுகமாக இருந்தது.

அன்று அவருக்கு நல்ல நாள்தான். காலையில் ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் பெரிய ஸ்வீட் டப்பா கொடுத்துப் போயிருந்தார்கள். இதே இசைவாணி பீரோக் கதவைப் பிடித்துக்கொள்ள, பழுப்புக் கவர்களின் மேல் டப்பாவை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தார்.

"நான் பார்த்தது, ஆள் அனுப்பற வேலை சார்" என்றாள். "தலைக்கு இவ்ளோன்னு கமிஷன்."

"யாரு, உங்க ஊர் செங்கல் சூளை மேஸ்திரியா?"

கண்டாச்சிபுரம் பக்கத்துப் பெண். வீட்டில் எல்லாரும் சூளை வேலை. வேறு எதைப் பார்த்திருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் சார்ட்டை நீவிவிட்டாள். "கூட்டிக்கினு போறப்ப நல்ல வேலை, நல்ல சாப்பாடும்பாரு. அங்க போனா ஒரே ரூம்ல பன்னண்டு பேரு. பொழுதுக்கும் நின்னுக்கினே வேலை. எங்க அக்கா அங்கதான் மாட்டிக்கினு இருக்குது."

"வந்துட வேண்டியதுதானே?"

"ஒரிஜினல் பேப்பரெல்லாம் முன்னாடியே வாங்கி வச்சிக்கினாரு சார். பாதியில வந்தா தரமாட்டாராம். அக்காவுக்கு மஞ்சக் காமாலை. பேப்பர் போயிடும்னு பயந்துக்கினு மருந்துகூட இல்லாம அங்கியே கெடக்குது."

ஒரிஜினல் பேப்பர் என்றால் ரேஷன் கார்டாகத்தான் இருக்கும் என்று தேவநாதன் நினைத்தார். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைச் சாகவிடுகிறானே, சண்டாளன்!

"சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா? அந்த ஆளு சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறானா?"

"கேட்டா, உங்க நல்லதுக்குத்தான் வச்சிருக்கேம்பாரு சார்."

"நல்லா சொல்லுவான். கேக்கவே அருவருப்பா இருக்கு. பிள்ளைங்களா, பிச்சை எடுத்தாலும் எடுங்க, இந்த வேலைக்கு மட்டும் போயிடாதீங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தத் தட்டலில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது. பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"உங்க அக்கா இன்னிக்கே ஊருக்குக் கெளம்பட்டும். அந்தப் பேப்பரை வாங்கித் தர்றது என் பொறுப்பு. இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். அக்கா பேரு என்ன, பேப்பர் எங்க இருக்குது, அதை மட்டும் சொல்லு."

இசைவாணி செங்கல்லை எடுத்துக்கொண்டாள். சார்ட் தானாகச் சுருண்டுகொண்டது.

"பேரு ஜெனிட்டா சார், எங்க சீனியர் அக்கா, போன வருஷம் இதே கிளாஸ்தான். பேப்பரு, அதோட மார்க் ஷீட்டெல்லாம், உங்க பீரோவுல, அந்த ஸ்வீட் டப்பாவுக்கு அடியில இருக்குது."