ஆறாவது மாடி வரைக்கும் அப்பா

எங்கள் குடியிருப்பு லிஃப்டுக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும், என்னைவிடக் கொஞ்சம் குறைவாக. பிரிந்துபோன பின் பிள்ளையின் செலவுக்குத் தர வேண்டிய பணத்தில் பாக்கி வைத்த அப்பாவை, கட்டிய பணத்துக்கு ஏற்ற மாடி வரைதான் ஏற்றும். படிக்கட்டுக் கதவும் அப்படியே. ஒன்பதாவது மாடி சுகந்தியை விட்டுப் பிரிந்த கஜேந்திரன், போன வருஷம் வாட்ச்மேனோடு கீழேயே நின்றான். இப்போது ஆறாவது மாடிக்கு வந்துவிட்டான். அதாவது, என் வாசலுக்கு.

நேற்று அவன் மகள் இதழினிக்குப் பிறந்தநாள். கையில் பலூனோடு லிஃப்டிடம் கெஞ்சினான்.

"இன்னிக்கு ஒருநாள் விடும்மா. கேக் வெட்டுறப்ப பாப்பா பக்கத்துல நிக்கணும்."

"ஆறுக்கு மேல் அனுமதி இல்லை," என்றது லிஃப்ட்.

"பாக்கியக் கட்டியிருக்கலாம்ல தம்பி? புல்லட்டுக்குப் புது சீட்டு மட்டும் போட்டாச்சு," என்றேன். அவன் பலூனைப் பார்த்தான்.

உடனே சுகந்திக்குப் போன் போட்டேன். செய்தி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்தது. உள்ளே சுகந்தி, இதழினி, தோழிகள், மடக்கு மேசை, கேக்.

"அக்கா, உங்க வாசல் கொஞ்சம் வேணும்," என்றாள் சுகந்தி. "அவர்தான் மேல வரக் கூடாது. கேக் கீழ இறங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

முதல் வரிசையில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

இதழினி அப்பாவின் கையைப் பிடித்துக் கத்தியை அழுத்தினாள். முதல் துண்டில் பாதி அவன் வாயில், பாதி மீசையில். அழுதுகொண்டே மென்றவனைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் மேலே கிளம்பும்போது அசடு வழியக் கேட்டான்: "மீதி கேக்?"

"மேல ஃப்ரிட்ஜ்ல இருக்கும். பாக்கியக் கட்டிட்டு வந்து சாப்பிடுங்க," என்றாள் சுகந்தி.

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் இதழினி கத்தினாள்: "சீக்கிரம்ப்பா, இல்லன்னா நானே தின்னுடுவேன்!"